புனர்பூஜை வரை எடுக்காதே

விஷ்ராந்த்வாடி
புனே, 5 நவம்பர் 2024

அண்ணனுக்கு,

மூன்று நாளில் மூன்று முறை போன் செய்தேன். இரண்டு முறை நீ எடுக்கவில்லை. மூன்றாம் முறை எடுத்து, "இதைப் போன்ல பேசாதட்டி, லைன்ல யாரு கேக்காங்களோ" என்று சொல்லி வைத்துவிட்டாய். சரி, போனில் பேசவில்லை, தபாலில் பேசுகிறேன். கடைசியாக நான் தமிழில் கடிதம் எழுதியது நீ ஜம்முவில் பட்டாளத்தில் இருந்தபோது. அப்போது வீட்டுக் கதை எல்லாம் எழுதுவேன். இப்போது எழுத ஒரே ஒரு விஷயம்தான் இருக்கிறது.

ஜெனிபர் உள்ளே போய்ப் பதினைந்து நாள் ஆகிறது. மதினி பக்கவாதத்தில் படுத்ததிலிருந்து இரண்டு வருஷமாகக் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்க வைத்த பிள்ளை அவள். கட்கியில் அவள் அம்மாவிடம், "எங்கண்ணன் வீடு, பயப்படாம அனுப்பு" என்று சொல்லிக் கூட்டிவந்தவள் நான். இப்போது உன் ரிவால்வரை அலமாரியிலிருந்து எடுத்து விற்றுவிட்டாள் என்று அவள்மேல் கேஸ். பூட்டு உடையவில்லை, சாவி இரண்டே இரண்டு, ஒன்று உன்னிடம், இன்னொன்று மதினியின் மருந்து எடுப்பதற்காக அவள் கழுத்தில். அதனால் அவள்தான் என்று போலீஸ் முடிவு கட்டிவிட்டது.

அண்ணே, துப்பாக்கி அலமாரியில் இல்லை. அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அக்டோபர் 11, ஆயுத பூஜை அன்று சாயங்காலம் அது உன் வீட்டு ஹாலில், சாமி படத்துக்கு முன்னால், சிவப்புப் பட்டின்மேல் இருந்தது. பக்கத்தில் பித்தளைத் தட்டில் ஆறு குண்டு. நான் ஏழு மணிக்கு ஆட்டோ பிடிக்கும்போதும் அங்கேயேதான் இருந்தது. நீ எடுத்துப் பூட்டவில்லை.

மறுநாள் காலை ஏழரைக்கு நீ எனக்குப் போன் செய்தாய். "ஏட்டி, நேத்து நீ எதையும் எடுத்து வச்சியா?" என்று கேட்டாய். "நான் எதுக்கு அதத் தொடப்போறேன்" என்றேன். மத்தியானம் மனசு கேட்காமல் நானே கூப்பிட்டேன். "கிடைச்சிட்டு, சப் டீக், எல்லாம் சரியா இருக்கு" என்றாய். நம்பிவிட்டேன். பதினாறாம் தேதி எங்கள் தெரு முனையில் ரஃபீக்கின் மெடிக்கல் ஷாப்பில் புகுந்து இரண்டு பேர் அவனைச் சுட்டார்களே, அது உன் துப்பாக்கி என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

பதினெட்டாம் தேதி, எலெக்ஷனுக்காகத் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லி நோட்டீஸ் வந்த பிறகு நீ ஸ்டேஷனுக்குப் போய், "இன்றுதான் அலமாரியைத் திறந்தேன், காணவில்லை" என்று எழுதிக் கொடுத்திருக்கிறாய். ஆறு நாள் எங்கே போனது அண்ணே? முதல் நாளே சொல்லியிருந்தால் ரஃபீக் இன்று நடப்பான்.

போய் உண்மையைச் சொல். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

பவுன்


வானவடி
9 நவம்பர் 2024

பவுனுக்கு,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. படித்ததும் கிழித்துவிட்டேன். நீயும் இதைக் கிழித்துவிடு. தமிழில் இருப்பதால் இங்கே யாரும் படிக்கப் போவதில்லை, ஆனாலும் கிழித்துவிடு.

உனக்கு என்ன, எழுதிவிட்டாய். இங்கே நான் இருக்கிற இருப்பு உனக்குத் தெரியாது. இருபத்தெட்டு வருஷம் பட்டாளம், சுபேதாராக வெளியே வந்தேன். அதன்பின் பத்து வருஷம் வங்கிப் பணம் கொண்டுபோகும் வேனில் காவல். அந்த வேலைக்காக வாங்கியதுதான் இந்த லைசென்ஸ். ஒரு குண்டுகூட மனிதர்களை நோக்கிச் சுட்டதில்லை. இப்போது கீழே பால் வாங்கப் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. எங்கள் அபார்ட்மெண்ட் சொசைட்டியின் வாட்ஸப் குழுவில் பூஜைப் படத்தைப் போட்டுத் துப்பாக்கியைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருக்கிறார்கள். அந்தப் படத்தை எடுத்தவர்களே அவர்கள்தான். அன்றைக்குச் சுண்டல் வாங்க வந்து, "சுபேதார் ஸாப், ஏக் போட்டோ" என்று வரிசையில் நின்றவர்கள். அந்தப் படத்தைப் போலீஸும் பார்த்தது. பூஜை முடிந்ததும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டேன் என்றேன், எழுதிக்கொண்டார்கள். செக்ரட்டரி குல்கர்ணி நேற்று வந்து, ஜனவரி 26க்கு இந்த முறை கொடியை வேறு யாராவது ஏற்றட்டும் என்று பணிவாகச் சொல்லிவிட்டுப் போனார். பதினோரு வருஷமாக நான் ஏற்றிய கொடி.

பேப்பரில் பார்த்தாயா? சுட்டவன் பெயர் ஒரு வரி. "லைசென்ஸ் துப்பாக்கி" என்று நாலு பத்தி. உன் ஸ்கூட்டரை ஒருவன் திருடிக்கொண்டு போய் யாரையாவது இடித்தால் உன்னையா பிடிப்பார்கள்? துப்பாக்கி என்றதும் மட்டும் வைத்திருந்தவன் குற்றவாளி. பதினெட்டு வருஷம் லைசென்ஸ் புத்தகத்தில் ஒரு கறை கிடையாது.

எழுத்தில் கொடுத்தது கொடுத்ததுதான். இப்போது போய் மாற்றிச் சொன்னால் பொய்ப் புகார் கொடுத்தவன் என்று என்னை உள்ளே வைப்பார்கள். லலிதாவை யார் பார்ப்பது? புதிதாக வந்த ஆயாவுக்கு அவளைத் தூக்கக்கூடத் தெரியவில்லை. ஜெனிபருக்கு ஜாமீன் கிடைத்துவிடும். நல்ல பிள்ளை, முன்னால் கேஸ் எதுவும் கிடையாது, விட்டுவிடுவார்கள். கொஞ்சம் பொறு.

கிழித்துவிடு.

மகாதேவன்


விஷ்ராந்த்வாடி
14 நவம்பர் 2024

அண்ணனுக்கு,

ஜாமீன் கிடைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை தள்ளுபடி ஆகிவிட்டது. துப்பாக்கியோடு பிடிபட்ட இரண்டு பேரும், நடுவில் ஒருவன் கொண்டுவந்து கொடுத்தான் என்கிறார்களாம். அந்த ஒருவன் ஓடிவிட்டான். அவன் பெயரை ஜெனிபர் சொல்லும்வரை விடக்கூடாது என்று அரசாங்க வக்கீல் சொன்னாராம். அவளுக்குத் தெரியாத பெயரை அவள் எப்படிச் சொல்லுவாள்?

அவள் அம்மா ஒருநாள் விட்டு ஒருநாள் கட்கியிலிருந்து பஸ் பிடித்து என் வீட்டுக்கு வருகிறாள். திட்டவில்லை. திட்டினால்கூட நன்றாக இருக்கும். "உங்க அண்ணன் பெரிய ஆபீசர்லாம் தெரிஞ்சவருல்ல, ஒரு வார்த்தை சொன்னா விட்டுருவாங்கல்ல" என்று கேட்டுவிட்டு, நான் கொடுக்கிற டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போகிறாள்.

நேற்று பிரஷர் மாத்திரை வாங்கப் போனேன். வேறு கடைக்குத்தான் போகலாம் என்று நினைத்தேன், கால் அங்கேதான் போனது. ரஃபீக் வந்துவிட்டான். கல்லாவுக்குப் பின்னால் தலையணை போட்ட நாற்காலியில் ஒருக்களித்து உட்கார்ந்திருக்கிறான். இடுப்பெலும்பு கூடவில்லை. மாத்திரையை அவன் சம்சாரம் எடுத்துக் கொடுத்தாள்.

"அக்கா, அந்தத் துப்பாக்கி ஒரு மிலிட்டரிக்காரரு வீட்டுதாம். பேப்பர்ல படிச்சேன்" என்றான். நான் பையில் சில்லறை தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். "சுட்டவன் மேல கோவம் வருதுக்கா. அது கோவம், வந்துட்டுப் போயிடும். அந்தப் பெரியவர நெனச்சாத்தான் ஒண்ணும் புரியல. அவருக்குத் தூக்கம் வருமா?" என்று கேட்டான். வாணியம்பாடிக்காரன், இந்தத் தெருவில் என்னோடு தமிழில் பேசுகிற ஒரே ஆள். மீதியைக்கூட வாங்காமல் வந்துவிட்டேன்.

ஸ்கூட்டர் கதை எழுதியிருக்கிறாய். சாவியை அதிலேயே விட்டுவிட்டு, பெட்ரோலும் ரொப்பி, "வந்து பாருங்க, ஓடுற வண்டி" என்று ஊரைக் கூப்பிட்டுக் காட்டினால் என்னையும் பிடிக்கத்தான் பிடிப்பார்கள். நீ அதைச் சாமிக்கா வைத்தாய்? பூஜைக்கு என் தையல் கத்தரிக்கோல் போதும், மதினியின் பழைய ஹார்மோனியம் போதும். குண்டு எதற்கு? ஊர் பார்க்கத்தான் வைத்தாய். ஊர் பார்த்தது. பார்த்தவர்களில் ஒருவன் எடுத்தான்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அதில் ஜெனிபர் பெயர் ஒரே பத்தியில் வருகிறது, குல்கர்ணியும் கொடியும் அதைவிடப் பெரிய பத்தி. வெட்கமாக இருக்கிறது.

பவுன்


வானவடி
20 நவம்பர் 2024

பவுனு,

இன்று ஓட்டு. காலையிலேயே போய்ப் போட்டுவிட்டு வந்தேன். வரிசையில் எனக்கு முன்னாலும் பின்னாலும் இடம் விட்டு நின்றார்கள். இந்நேரம் ஊரில் லைசென்ஸ் வைத்திருக்கிற எல்லாருடைய துப்பாக்கியும் ஸ்டேஷனில் ரசீதோடு இருக்கும். என்னுடையதும் ஸ்டேஷனில்தான் இருக்கிறது, ரசீதில்லாமல், சீட்டுக் கட்டி அரக்கு வைத்து.

நீ எழுதியதையெல்லாம் படித்தேன். ஊர் பார்க்க வைத்தேன் என்றாய். ஆமாம், வைத்தேன். ரிட்டயர் ஆனவனை யார் ஏறிட்டுப் பார்க்கிறார்கள்? வருஷத்தில் ஒரு நாள் அந்தப் பட்டின்மேல் துப்பாக்கியைக் கண்டால் என்னை "ஸாப்" என்கிறார்கள். அதை மறைக்கவில்லை.

ஆனால் நீ ஒன்றை மறைக்கிறாய். முதல் கடிதத்தில் "நீ எடுத்துப் பூட்டவில்லை" என்று எழுதினாய். எடுக்கவில்லையா நான்? ஏழு மணிக்கு நீ செருப்பு மாட்டும்போது, கீழே கர்பா ஆட்டத்துக்குப் போக வேண்டும் என்று துப்பாக்கியில் கை வைத்தேன். வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது யார்? "பூஜைல வச்சத எடுக்கப்படாதுண்ணே. நாளைக்குப் புனர்பூஜை முடிச்சுத்தான் எடுக்கணும். மதினி இப்படிக் கெடக்கா, இன்னும் எதையாவது இழுத்து விட்டுறாத" என்று சொன்னது யார்? லலிதா பெயரைச் சொன்னதும் என் கை விட்டுவிட்டது. இதை நான் போலீஸிடம் சொல்லவில்லை, வக்கீலிடம் சொல்லவில்லை, உன்னிடம்கூட இந்த நாற்பது நாளில் சொன்னதில்லை. சொன்னால் உன் பெயரும் அந்தக் காகிதத்தில் ஏறும் என்றுதான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். நீ என்னை வெட்கப்படச் சொல்கிறாய்.

இன்னொன்றும் கேட்டுக்கொள். அன்றைக்கு ஆறரைக்கு, நீ அடுப்படியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தபோது, கர்பாவுக்கு லைட் போடுகிற டெக்கரேட்டர் ஆட்கள் இரண்டு பேர் மேலே வந்தார்கள். நம் பால்கனியிலிருந்து வயர் இழுக்க வேண்டும் என்றார்கள். நானே உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துச் சுண்டல் கொடுத்தேன். ஒருவன் பூஜையைப் பார்த்துவிட்டு, "அஸ்லி ஹை கியா, ஸாப்?" என்று கேட்டான். "அஸ்லி", நிஜம்தான் என்றேன். குண்டும் அஸ்லியா என்று கேட்டான். அதற்கும் ஆமாம் என்றேன். ஒன்பது மணிக்கு வயரைக் கழற்ற மறுபடி வருவோம் என்றார்கள். அதனால் கதவைச் சும்மா சாத்திவிட்டுக் கீழே போனேன். பரிசு கொடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். ஜெனிபர் உள் அறையில் லலிதாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்தபோது ஹாலில் விளக்கு அணைந்திருந்தது, வயரும் இல்லை. நான் பூஜைப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் படுத்துவிட்டேன்.

அந்த ஆளின் முகம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இடது புருவத்தில் வெட்டு. இப்போது உன்னால் என்ன செய்ய முடியும், சொல்.

கிழித்துவிடு. இதை அவசியம் கிழித்துவிடு.

மகாதேவன்


வானவடி
28 நவம்பர் 2024

பவுனு,

எட்டு நாளாகப் பதில் இல்லை. ஸ்பீட் போஸ்ட் உன் கைக்கு வந்துவிட்டது என்று காட்டுகிறது. கையெழுத்து உன்னுடையதுதான்.

ஸ்டேஷனுக்குப் போனாயா? போயிருந்தால் சொல்லிவிடு. லிப்ட் கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து போய்க் கதவுக் கண்ணாடியில் பார்க்கிறேன். சாயங்காலம் உட்கார முடியாமல் காம்பவுண்டைச் சுற்றி நடக்கிறேன். நேற்று இருபத்திரண்டு சுற்று. வாட்ச்மேன், "ஸாப், தபியத் டீக் ஹை?" என்று உடம்பைப் பற்றிக் கேட்டான். அலமாரியை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பூட்டிப் பார்க்கிறேன். அதற்குள் ஒன்றும் இல்லை, மருந்துதான்.

லலிதா என் கையால் சாப்பிட மாட்டேன் என்கிறாள். ஸ்பூனைக் கொண்டுபோனால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறாள். பேச்சுதான் போயிற்று, காது போகவில்லை. அன்றைக்கு ஹாலில் நடந்தது அத்தனையும் அவள் படுக்கைக்குக் கேட்டிருக்கும். போலீஸ் வந்தபோது நான் சொன்னதும் கேட்டிருக்கும். ஜெனிபரை அவள் கண் முன்னால்தான் கூட்டிக்கொண்டு போனார்கள்.

போன கடிதத்தில் உன்னைப்பற்றி எழுதியதை மனதில் வைத்துக்கொள்ளாதே. கோபத்தில் எழுதினேன். ஆனால் பொய் எழுதவில்லை.

ஒரு வரி எழுது.

மகாதேவன்


விஷ்ராந்த்வாடி
2 டிசம்பர் 2024

அண்ணனுக்கு,

உன் நவம்பர் 20ஆம் தேதிக் கடிதம் வந்த அன்று நான் சோறு பொங்கவில்லை. நீ எழுதியது அத்தனையும் நிஜம். உன் கையைப் பிடித்தேன். மதினி பெயரைச் சொல்லிப் பிடித்தேன். அதை மறந்துபோனேன் என்று சொன்னால் பொய். ஞாபகம் வரும்போதெல்லாம் அதை ஒதுக்கிவிட்டு உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். உன்னைத் திட்டுகிற வரைக்கும் எனக்கு நிம்மதியாக இருந்தது.

இன்னொன்றும் இருக்கிறது, அதை நீ எழுதவில்லை. அந்த ஆறு குண்டுக்கும் சந்தனம் குழைத்துக் குங்குமம் வைத்தது நான். ஒவ்வொன்றாக எடுத்து, உருளாமல் தட்டில் நிறுத்தி வைத்தேன். ரஃபீக்கின் இடுப்பில் இருந்து எடுத்தார்களே, அது நான் பொட்டு வைத்த குண்டு. அவன் கடைக்கு நான் இனி எந்த முகத்தோடு போவேன்?

பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் இது மட்டும் இல்லை. சனிக்கிழமை ஜெனிபரைப் பார்க்க எரவாடா ஜெயிலுக்கு அவள் அம்மாவோடு போனேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்றாள். முடியை ஒட்ட வெட்டியிருக்கிறாள், பேன் என்றாள். முதலில் கேட்டது மதினியைத்தான். "ஆன்ட்டிக்கு முதுகுல பவுடர் போடுறாங்களா? போடலைன்னா புண்ணாயிடும்" என்றாள்.

பிறகு மெதுவாகச் சொன்னாள். "எனக்கே டவுட்டா இருக்கு ஆன்ட்டி. சாவிய நான் கழுத்துல இருந்து கழட்டவே இல்லன்னுதான் நெனச்சேன். ஆனா ஸார் அலமாரில வச்சுப் பூட்டினேன்னு எழுதிக் குடுத்திருக்காரு. ஸார் ஜூட் சொல்ல மாட்டாரு, பொய்யே வராது அவருக்கு. அப்போ நான்தான் குளிக்கறப்போ கஹீன், எங்கயோ வச்சு மறந்திருக்கேன் போல. யாரோ எடுத்திருக்காங்க. ஒத்துக்கிட்டா கம்மியா குடுப்பாங்கன்னு இங்க ஒரு அக்கா சொல்றாங்க. ஒத்துக்கட்டுமா?"

பார்த்தாயா அண்ணே? பூஜைக்கு வைத்ததை அவள் பார்த்தாள். முடிந்ததும் நீ எடுத்துப் பூட்டியிருப்பாய் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவள் வேதக்காரப் பிள்ளை, சர்ச்சுக்குப் போகிறவள், நம் புனர்பூஜையெல்லாம் அவளுக்கு என்ன தெரியும்? இன்ஸ்பெக்டருக்கும் தெரியாது. படத்தைப் பார்த்தவர்கள் ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை, ராத்திரி முழுக்க அது எங்கே இருந்தது என்று. அது தெரிந்தவர்கள் இந்தப் புனே ஊரில் நாம் இரண்டு பேர்தான். நாம் வாயை மூடிக்கொண்டிருப்பதால் அந்தப் பிள்ளை தன் ஞாபகத்தையே சந்தேகப்படுகிறது. உன் வார்த்தைமேல் அவ்வளவு நம்பிக்கை வைத்திருக்கிறது.

"ஒத்துக்காதட்டி" என்று மட்டும் சொன்னேன். டைம் ஆயிட்டு என்று அனுப்பிவிட்டார்கள்.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். உன் கடிதங்களை நான் கிழிக்கவில்லை, மூன்றும் இருக்கிறது. நான் கையைப் பிடித்ததை நீ எழுதிய பக்கத்தின் அடியில், "இது உண்மை. தடுத்தது நான்தான்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என் பெயர் காகிதத்தில் ஏறும் என்று நீ பயப்பட வேண்டாம், ஏற்றிவிட்டேன்.

திங்கட்கிழமை, 9ஆம் தேதி, ஜாமீன் மனு மறுபடி வருகிறது. அதற்கு முன்னால் வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு உன் ஏரியா ஸ்டேஷன் வாசலில் நிற்பேன். நீ வந்தால் இந்தக் கட்டு உன் கையில். நீயே கிழித்துக்கொள், உன் வாயால் சொல். நீ வராவிட்டால் நான் உள்ளே போய் முதல் வரியிலிருந்து ஹிந்தியில் வாசிப்பேன். என் ஹிந்தி நன்றாகத்தான் இருக்கும், ஒரு வார்த்தை விடமாட்டேன்.

எனக்கு இருப்பது நீ ஒருத்தன்தான். அது எனக்குத் தெரியாமல் இதை எழுதவில்லை.

பவுன்


வானவடி
4 டிசம்பர் 2024

பவுனுக்கு,

உன் கடிதம் இன்று காலை வந்தது. முதல்முறையாகக் கிழிக்கவில்லை.

பட்டாளத்திலும் தசராவுக்கு ஆயுத பூஜை உண்டு, உனக்குச் சொல்லியிருக்கிறேன். ரைபிள், மெஷின்கன் எல்லாவற்றையும் துடைத்து எண்ணெய் போட்டு வரிசையாக வைப்போம். கர்னல் வந்து ஆரத்தி எடுப்பார். ராத்திரி அவற்றைச் சில சமயம் அங்கேயே விட்டுவைப்பதும் உண்டு. உன் வழக்கத்தில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் பக்கத்தில் ஒரு சென்ட்ரி நிற்பான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருவன் என்று முறை போட்டு, விடியும்வரை. அந்த முறைப் பட்டியலை எத்தனையோ வருஷம் நானே என் கையால் எழுதியிருக்கிறேன். காவலை விட்டுப் போன ஒரு சிப்பாயை நான் ரிப்போர்ட் செய்திருக்கிறேன். டீ குடிக்கப் போனான், பத்து நிமிஷம். ஒன்றும் காணாமல் போகவில்லை. அப்படியும் அவனுக்கு இருபத்தெட்டு நாள் சிறை.

என் வீட்டு ஹாலில் அன்றைக்குச் சென்ட்ரி யார்? நான்தான். எடுக்காதே என்றுதான் நீ சொன்னாய். விட்டுவிட்டுப் போ என்று சொல்லவில்லை. பூட்டாவிட்டால் என்ன, ஒரு நாற்காலியைப் போட்டு அதன் பக்கத்தில் விடிய விடிய உட்கார்ந்திருக்கலாம். இத்தனை நாள் அது எனக்குத் தோன்றவே இல்லை. கதவைக்கூடப் பூட்டாமல் பரிசு கொடுக்கக் கீழே போனேன், கைதட்டினார்கள். மறுநாள் நீ கேட்டபோது, காவல் மாற்றும் சென்ட்ரி சொல்கிற வார்த்தையைச் சொன்னேன். சப் டீக். தலைநிமிர்ந்து சொல்கிற வார்த்தை அது. ஒன்றும் சரியில்லை என்று தெரிந்தே சொன்னேன். அந்தச் சிப்பாய்கூட அந்தப் பொய்யைச் சொல்லவில்லை.

ரஃபீக் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடு. தூக்கம் வரவில்லை என்று சொல். அவரைப் பார்க்க நானே வர வேண்டும். எப்போது விடுவார்கள் என்று தெரியவில்லை, விட்டதும் வருகிறேன்.

மத்தியானம் லலிதாவின் கட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொன்னேன். அலமாரியில் இல்லை என்றேன். ஜெனிபர் எடுக்கவில்லை என்றேன். பன்னிரண்டாம் தேதியே எனக்குத் தெரியும் என்றேன். புருவத்தில் வெட்டு உள்ளவனைப் பற்றியும் சொன்னேன். சுவரைப் பார்த்தபடியே இருந்தாள். சரி, கேட்டாளோ இல்லையோ என்று கஞ்சிக் கிண்ணத்தை எடுத்தேன். திரும்பி வாயைத் திறந்தாள். முழுக்கிண்ணமும் குடித்தாள்.

குல்கர்ணியின் சம்சாரத்திடம் வெள்ளிக்கிழமை லலிதாவோடு வந்து இருக்க முடியுமா என்று கேட்டேன். எதற்கு என்று கேட்டார், சொன்னேன். "மீ யேதே" என்றார், வருகிறேன் என்று. அதற்கு மேல் நான் திரும்ப நாளானால் நீ வந்து இருந்துகொள். பவுடர் டப்பா ஜன்னலில் இருக்கிறது. முதுகைப் பார்த்தேன், ஜெனிபர் சொன்னது சரிதான், சிவந்திருக்கிறது.

கடிதக் கட்டைக் கொண்டுவா. கிழிக்க மாட்டேன். தேதி வரிசையாக அடுக்கி வை, நானே அவர்களிடம் கொடுக்கிறேன். நான் வாயால் சொல்லும்போது எங்காவது என்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்ப்பேன், எனக்கே தெரியும். அந்த இடத்தில் நீ காகிதத்தைப் பார்த்து வாசி.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு முன்னாலேயே வந்து நிற்பேன். இனிமேல் கடிதம் எழுதாதே. போன் பண்ணு. யார் கேட்டாலும் கேட்கட்டும்.

அண்ணன்